வாரிக் கொடுத்த கை

எங்கள் வீட்டில் தேன் தீர்ந்ததே இல்லை. மேகமலை ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் என் வீட்டுக்காரர் முத்துவீரன் புட்டி புட்டியாகக் கொண்டுவருவார். தேன்மேல் ஒரு குற்றமும் இல்லை ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகள் இறந்த மறுவருஷம் அவர் ராஜாத்தியை இரண்டாந்தாரமாகக் கட்டிவந்தார். ஆரத்தி எடுத்தது நான்தான். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. என் மகள் கிடந்த தொட்டில் கயிற்றையே எடுத்து அதே உத்தரத்தில் கட்டினார்கள். வேறு கயிறு கட்டியிருக்கலாம்.

என் மகளை ஒருநாளும் தோளில் போடாதவர், இவனைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். ஒருநாள் பிள்ளை வீறிட்டு அழுதான். தூக்கக் குனிந்தேன். அவர் சொன்னார்:

"ஏ புள்ள, நீ தொடாத. பிள்ளைய வாரிக் குடுத்த கை."

கடுமையாகச் சொல்லவில்லை. சோறு போடு என்பதுபோலத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் தொடவில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆனியில் பிள்ளைக்கு அக்கரம் வந்தது. நாக்கெல்லாம் வெள்ளையாகப் புண், பால் இறங்கவில்லை. ராஜாத்தி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒங்க மகளுக்கு அக்கரம் வந்தப்ப என்னத்தத் தடவுனீக?"

கேட்டால் சொல்லாமல் இருப்பது பாவம். வெங்காரம் என்றேன். நகைக்குப் பற்றுவைக்க ஆசாரிமார் வைத்திருக்கிற வெள்ளைக் கட்டி. கம்பத்திலிருந்து கூடலூர் வரை எந்த வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். பொரித்துப் பொடித்துத் தேனில் குழைத்துத் தடவுவார்கள். என் தகரப்பெட்டியில் ஒரு கட்டி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"நீங்களே தடவிவிடுங்கக்கா. எனக்குத் தடவிப் பழக்கமில்ல."

"நான் தொடக்கூடாதுல்ல ஆத்தா."

அவளே தடவினாள். பிள்ளை அவள் விரலைச் சப்பினான். தேன் இனிக்கும் அல்லவா. மறுநாள் வயிற்றால் போயிற்று, உடம்பெல்லாம் சிவந்தது. இன்னும் தடவலாமா என்று வந்து கேட்டாள். புண் ஆறும்வரை தடவு என்றேன். பிறகு வலிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை தொட்டில் கயிற்றை அவிழ்த்தார்கள். அவிழ்த்ததும் வீடு பழையபடி ஆனது.

ஊர் மாந்தம் என்றது. என் மகள் இறந்தபோதும் ஊர் அப்படித்தான் சொன்னது. ராஜாத்தியின் அண்ணன் பிராது கொடுத்திராவிட்டால் அப்படியே போயிருக்கும்.

வெங்காரம் பச்சைப் பிள்ளைக்கு விஷம் என்று எனக்குத் தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் தொடவில்லை என்பதை முதலில் எழுதுங்கள்.

பிறகு இதை எழுதுங்கள். என் மகளை உத்தமபாளையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே ஒரு டாக்டரம்மா, வாயில் என்ன தடவினாய் என்று கேட்டாள். சொன்னேன். பச்சைப் பிள்ளைக்கு அது விஷமாச்சே என்றாள். வீட்டுக்கு வந்து நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டியை எறியவும் இல்லை.

வாரிக் குடுத்த கை என்று என் வீட்டுக்காரர் தெரியாமல் சொன்னது சரிதான். என் மகளைக் கொன்றது மாந்தம் இல்லை. இந்தக் கையால் நான் தடவிய வெங்காரம். ராஜாத்தியிடம் கொடுத்தது அதில் மிச்சம்.