அப்பாவின் காதுக்குப் பின்னால்

குடும்பத்தோடு கப்பலில் விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன் எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் யாரும் தொலைய மாட்டார்கள், படமும் அழகாக வரும். நாங்கள் ஆரஞ்சு எடுத்தோம். முதுகில் 'ஹாக்கடே குடும்பம் கரையைத் தாண்டிவிட்டது' என்று அச்சடிக்கச் சொன்னது நான்தான். அறை பிடித்ததும், எந்தத் தீவில் இறங்கி என்ன பார்ப்பது என்று முடிவு செய்ததும் நான்தான். எங்கள் வீட்டில் இந்த மாதிரி வேலையெல்லாம் இந்த ரோண்டாவின் தலையில்தான் விழும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், ஆபீசர் சார். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கம் உங்களுக்குப் புரியும். இந்தக் காபி நன்றாக இருக்கிறது. மேலே பயணிகளுக்குக் கொடுப்பதைவிட கீழே உங்கள் ஆட்களுக்கு நல்லதாகக் கொடுக்கிறார்கள்.

வந்தது நான்கு பேர். என் அப்பா வெர்ஜில், எழுபத்தெட்டு வயது. தம்பி கிளின்ட், அவன் மனைவி ஜானெல், அப்புறம் நான். ஓக்லஹோமாவிலிருந்து கால்வெஸ்டன் துறைமுகம் வரை காரிலேயே வந்தோம். வழி முழுக்க அப்பாவின் பாட்டுக் கச்சேரிதான். அவருக்குக் குரல் கிடையாது, கூச்சமும் கிடையாது.

அம்மா போன பிறகு அப்பா ஏரிக்கரை வீட்டில் தனியாக இருக்கிறார். தானே சமைக்கிறார், தானே வண்டி ஓட்டுகிறார், படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறார். அந்த வீடு பிற்பாடு எனக்கு என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. கிழக்கு ஜன்னல் உள்ள படுக்கையறைக்கு மஞ்சள் நிறத்தில் திரைத்துணிகூட எடுத்து வைத்திருந்தேன்.

போன ஈஸ்டர் விருந்தில் பன்றித் தொடையை வெட்டிக்கொண்டே அப்பா சாதாரணமாகச் சொன்னார்.

"வீட்டை வித்துடப் போறேன். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளயே இருக்கிற பெரிய வேன் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நடீனும் நானும் அலாஸ்கா வரைக்கும் போயிட்டு வரோம்."

நடீன் அவர் போகும் சர்ச்சில் பியானோ வாசிக்கிற விதவை. கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன்.

"இந்த வயசுலயாப்பா?" என்றேன்.

"அடுத்த வயசுல முடியாதே, குட்டி" என்றார்.

எந்த மகளுக்குத்தான் கவலை வராது, சொல்லுங்கள். ஒரு வக்கீலைப் பார்த்தேன். அப்பாவுக்கு இனித் தன் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் தெளிவு இல்லை, நான்தான் அவருக்குப் பொறுப்பு என்று கோர்ட்டில் மனுப் போடலாம், தம்பியும் சேர்ந்து சொன்னால் சிக்கல் இல்லை என்றார். தம்பியோ சிரித்தான்.

"அப்பா என்னைவிடத் தெளிவா இருக்காரு, ரோண்டா. வேணும்னா எனக்கு ஒரு மனுப் போடு."

அவன் மேல் தப்பில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, நன்றித் திருநாளுக்கு வந்து, வான்கோழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பாவைப் பார்க்கிறவன். ஒரு வாரம் கூடவே இருந்தால் அவனுக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இந்தப் பயணம் அப்படித்தான் பிறந்தது.

சங்கடம் என்னவென்றால், தெரிவதற்கு அப்பாவிடம் ஒன்றுமே இல்லை.

முதல் நாள் கடலில் வைத்த கேள்வி-பதில் போட்டியில் மேல்தளத்தையே தோற்கடித்தார். சாயங்காலம் நீச்சல் குளத்தருகே நெஞ்சு முடிப் போட்டி நடந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுப் பையன்களோடு பையனாகப் போய் நின்றார். நடுவராக இருந்த பெண்ணிடம், "நல்லா பாத்து மார்க் போடும்மா, நாப்பது வருஷமா உரம் போட்டு வளர்த்தது" என்றார். ஜானெல் சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த பானத்தைக் கொட்டிவிட்டாள். கிளின்ட் என் காதருகே குனிந்தான்.

"பாத்தியா? இவரக் கோர்ட்டுல நிறுத்தினா, ஜட்ஜு நம்மளத்தான் உள்ள போடுவாரு."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது கப்பல் கொஞ்சம் ஆடியது. என் பையில் குமட்டலுக்கான பிளாஸ்திரி இருந்தது. சின்னதாக வட்டமாக, காதுக்குப் பின்னால் ஒட்டுவது. நீங்கள் தினம் பார்ப்பதுதானே, கப்பலில் பாதிப்பேர் காதில் இருக்கும். அப்பாவை உட்காரவைத்து ஒன்று ஒட்டினேன்.

"என்ன குட்டி, பார்சலுக்கு ஸ்டாம்ப் ஒட்டுறியா?"

"ஆமாப்பா. அலாஸ்காவுக்கு."

சிரித்துக்கொண்டே காதை இன்னும் நன்றாகத் திருப்பிக் காட்டினார். அப்பாவுக்குத் தலைமுடி இன்னும் அடர்த்தி. நடீன் சொன்னாள் என்று கழுத்துவரை வளர்த்து வைத்திருக்கிறார். முடியைக் கீழே தள்ளிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

இல்லை, அவருக்குக் குமட்டவில்லை. உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பிறந்ததிலிருந்து படகில் இருக்கிறவர், அவருக்குக் குமட்டுமா.

கோஸுமெல் தீவில் இறங்கியபோது அப்பா கொஞ்சம் தளர்ந்திருந்தார். வாய் வறண்டுவிட்டது என்று தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது என்றார். டாக்கோ ரொட்டி விற்கிறவனிடம் தன் அறைச் சாவி அட்டையை நீட்டி, "ஏரியில மீன் நல்லா கடிக்குதா?" என்று விசாரித்தார். எல்லோரும் தமாஷ் என்று சிரித்தோம். பிறகு ஜானெலைப் பார்த்து, "மர்லீன், உன் தொப்பி எங்க?" என்றார். மர்லீன் என் அம்மாவின் பெயர். கிளின்ட் மெல்லுவதை நிறுத்திவிட்டான். அந்த இடத்தில் ஒரு குடும்பப் படம் எடுத்தேன், பின்னால் கடல் பச்சையும் நீலமுமாக. பார்த்தால் சட்டம் போட்டு மாட்டத் தோன்றும்.

அறைக்குத் திரும்பினால், அறையைக் கவனிக்கும் பையன் துண்டில் ஒரு குரங்கு செய்து தொங்கவிட்டிருந்தான். அப்பா அதன் எதிரில் தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்குங்க சார், நீங்க இருக்கீங்கன்னு தெரியாம உள்ள வந்துட்டேன்" என்றார். கிளின்ட் சுவரோடு சாய்ந்து நின்றான். ஜானெல் என்னை வராந்தாவுக்கு இழுத்தாள்.

"நேத்து நெஞ்சைக் காட்டிக்கிட்டு நின்ன மனுஷன், ரோண்டா. ஒரே நாள்ல இப்படி ஆகுமா?"

"இப்படித்தான் ஆரம்பிக்கும். நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேனே."

"கப்பல்லயே டாக்டர் இருக்காரு. உடனே காட்டணும்."

"நீங்க கலங்காதீங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

மேல்தளத்துக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். வெனிலா. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். கடலைப் பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவும் நானும் மட்டும் அப்படி உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று. வாயைத் துடைத்துவிட்டுக் கீழே கூட்டிவந்து, வயசுக் கோளாறுதான், புது இடத்தில் வெளியே வந்துவிட்டது, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர் என்றேன். டாக்டரை நீங்கள் ஏற்கெனவே விசாரித்திருப்பீர்கள். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் தலை வாரிவிடும்போது இன்னொரு காதுக்குப் பின்னாலும் ஒன்று ஒட்டினேன். முதலாவது போதவில்லை என்றல்ல. ஜானெலுக்கு இன்னும் நம்பிக்கை போதவில்லை.

எல்லோரும் கோட்டும் கவுனுமாக வருகிற விருந்து அன்று. சிங்கி இறால். அப்பாவின் இறாலை நான்தான் ஓடு நீக்கித் துண்டு போட்டுக் கொடுத்தேன். கிளின்ட் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தான்.

"ஊருக்குப் போனதும் நீ சொன்ன மாதிரியே செஞ்சுடலாம். தனியா எவ்வளவு கஷ்டப்பட்டிருக்க. நான்தான் நம்பாம இருந்துட்டேன்."

அப்போதே பிய்த்து எடுத்துவிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். ஆனால் மறுநாள் காலையில் அவர் பழையபடி பாட்டுப் பாடிக்கொண்டு வந்து நின்றால், தம்பி என்ன நினைப்பான்? எதையும் பாதியில் விட்டால் முழுசும் வீண்தானே.

உறையில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கையைப் படித்தேனா என்று கேட்டீர்கள். படிக்க வேண்டியதில்லை, சார். நான் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவள். பல வருஷமாக அதுதான் வேலை. வயசானவர்கள் இதைக் கேட்டு வந்தால் எடுத்துக் கொடுக்கவே மாட்டேன். "உங்களுக்கு இது வேண்டாம், புத்தி தடுமாறும், இஞ்சி மிட்டாய் எடுத்துக்குங்க" என்பேன். பொறுப்பான பெண் என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

அடுத்தது ரோவாட்டான் தீவு. கிளின்டும் ஜானெலும் மலைக்காட்டில் கயிற்றில் தொங்கிப் போகும் விளையாட்டுக்கு இடம் எடுத்திருந்தார்கள். ஜானெல் தயங்கினாள். "அப்பாவை நான் பாத்துக்க மாட்டேனா? போங்க, காத்தாட ஆடிட்டு வாங்க" என்று நான்தான் தள்ளி அனுப்பினேன்.

அப்பாவும் நானும் கடற்கரையில் குடை நிழலில் இரண்டு நாற்காலி பிடித்தோம். எல்ஃபோர்ட் என்று ஒரு படகுக்காரர், அடியில் கண்ணாடி வைத்த படகு ஓட்டுகிறவர், ஆள் பிடிக்க வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வியாபாரத்தை மறந்துவிட்டார்.

"பெரியவருக்கு உடம்பு சரியில்ல போலிருக்கேம்மா. கண்ணு ஒரு மாதிரி இருக்கு. யாராவது டாக்டரக் கூப்பிடட்டா?"

"வெயில் ஒத்துக்கல. வேற ஒண்ணும் இல்ல" என்றேன். நல்ல மனிதர். போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்து நின்று கடலைக் காட்டினார்.

"மர்லீன் அங்க நிக்கிறா, பாரு. செருப்பில்லாம நிக்கிறா."

நடந்தார். நான் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தேன். ஜானெலுக்குக் காட்டத்தான். இதைப் பார்த்தால் அதற்குமேல் அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்தப் படத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், என் குரல் கேட்டிருக்கும்.

"எங்கப்பா போறீங்க?"

"அம்மாவக் கூட்டிட்டு வரேன், குட்டி."

"சரிப்பா."

தண்ணீர் முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று ஏறியது. நல்ல வெளிச்சம், படம் தெளிவாக விழுந்திருக்கிறது, கையும் ஆடவில்லை. முதலில் தலை தெரிந்தது. பிறகு தண்ணீருக்குள் ஆரஞ்சு நிறம் மட்டும் தெரிந்தது. எல்ஃபோர்ட் படகிலிருந்து ஏதோ கத்தினார். பதில் சொன்னால் படத்தில் என் குரல் குறுக்கே விழும் என்று பேசாமல் இருந்தேன். அவர் குதித்துவிட்டார்.

அப்பா சாகட்டும் என்று நினைத்தேனா? ஒரு நிமிஷம்கூட இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அந்த நேரத்தில் நான் நினைத்துக்கொண்டிருந்தது, கிழக்கு வெயிலுக்கு அந்த மஞ்சள் திரை வெளுத்துப்போகுமே, பின்னால் ஒரு வெள்ளைத்துணி கொடுத்துத் தைத்தால் என்ன என்று.

எல்ஃபோர்ட் இழுத்துக்கொண்டு வந்தபோது அப்பாவுக்கு மூச்சு இருந்தது. தீவு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிளின்டும் ஜானெலும் ஓடிவந்தார்கள். ஈரத்தலையோடு விடக்கூடாது என்று ஜானெல்தான் துவட்டினாள். துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. முடியை ஒதுக்கிப் பார்த்தாள். தலையை மெல்லத் திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தாள். பிய்த்து எடுத்து, தன் விரல் நுனியில் வைத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"ரெண்டு" என்றாள்.

ஒட்டியது நான்தான். இரண்டையும் நான்தான் ஒட்டினேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. தம்பியும் ஜானெலும் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார்கள். நான் கப்பலுக்கு வந்தது ஓடிப்போக அல்ல. எல்லோருடைய துணிமணியையும் யாராவது பெட்டியில் அடுக்க வேண்டுமே. அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் ஆட்கள் கதவைத் தட்டினார்கள்.

இப்போது நீங்கள் ஒரு நல்ல சேதி சொன்னீர்கள். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று கிளின்ட் போன் செய்தானாம். என்ன வருஷம், என்ன மாதம், எந்த ஊர் என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் பிசகாமல் சொன்னாராம். கஞ்சி கொண்டுவந்த நர்ஸிடம் இதைவிட ஏரித் தண்ணீர் ருசியாக இருக்கும் என்றாராம். நடீனுக்குப் போன் போடச் சொன்னாராம். கேட்கவே நிம்மதியாக இருக்கிறது.

அப்புறம் இன்னொன்றும் சொன்னீர்கள். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று டாக்டர் கேட்டபோது, ஒரே பையன்தான் என்றாராம். ஒரு மகளும் இருக்கிறாரே என்று நர்ஸ் எடுத்துச் சொல்லியும், இல்லை, ஒரே பையன்தான் என்று அழுத்தமாகச் சொன்னாராம்.

தயவுசெய்து அதை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், சார். டாக்டர் பெயரையும் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கோர்ட்டில் கேட்பார்கள். பெற்ற மகளையே ஞாபகம் இல்லாத மனிதரைத் தனியாக விடலாமா? இதைத்தானே நான் ஈஸ்டரிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.