துணைக் கார்டு

— அதெல்லாம் இருக்கட்டும்மா. இந்த கிரெடிட் கார்டுல பாயின்ட் யாருக்குப் போகும், அதை நேரா சொல்லு.

— கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் சார். பச்சைக் கார்டுன்னா மளிகைக்கு நூறுக்கு அஞ்சு பாயின்ட். நீலத்துல ரெண்டுதான், ஆனா பெட்ரோலுக்கும் உண்டு.

— எனக்கு வண்டியே கிடையாது. பச்சையே போடு. ஆனா பாயின்ட் எனக்கு வேணாம். என் பொண்ணுக்குப் போகணும்.

— பொண்ணு உங்ககூடத்தான் இருக்காங்களா?

— வேற ஊரு.

— உட்காருங்க சார், ஸ்டூல் சும்மாதான் கெடக்கு. காலைல இருந்து இந்த மேஜைகிட்ட நின்ன முதல் ஆள் நீங்கதான். எல்லாரும் என்னைப் பாத்ததும் திடீர்னு சோப்பு விலை படிக்க ஆரம்பிச்சுடறாங்க.

— நானும் இத்தனை நாளா அப்படித்தான் திரும்பிக்கிட்டுப் போனேன்.

— தெரியும் சார். போன மாசம் பூரா எதுவும் வாங்காம விலைச்சீட்டை மட்டும் பாத்துக்கிட்டுச் சுத்துனீங்களே. செக்யூரிட்டி அண்ணன்கூட உங்க மேல ஒரு கண்ணு வெச்சிருந்தாரு.

— வெச்சிருப்பாரு, வெச்சிருப்பாரு. நாப்பத்திரெண்டு ரூபாய்க்கு இங்க என்ன கிடைக்கும்னு தேடினேன்.

— நாப்பத்திரெண்டுக்கா?

— உங்க ஃபார்ம்ல துணைக் கார்டுன்னு போட்டிருக்கே, என் கணக்குலயே ஓடற அப்படி ஒண்ணு பொண்ணு கையில இருக்கு. காலேஜ் போறப்போ எடுத்துக் கொடுத்தது. அவ தேய்ச்சா என் போனுக்கு மெசேஜ் வரும். கடை பேரு, எவ்வளவுன்னு. ஞாயித்துக்கிழமை தவறாம வரும். இதே கம்பெனி கடைதான், அவ ஊர்ல. ஆரம்பத்துல முப்பத்தஞ்சு, இப்ப நாப்பத்திரெண்டு. இந்தக் கடையை ஒரு மூலை விடாம பாத்துட்டேன். சரியா நாப்பத்திரெண்டுக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு கிலோ உப்பு.

— வாராவாரம் ஒரு கிலோ உப்பா?

— அதான்மா கவலை. அவ கட்டிக்கிட்டவன் ஹோட்டல்ல சமையல்காரன். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடறான், வீட்ல பாரு, வெறும் உப்பு. அதுக்கு மேல என் காசுல வாங்க இவளுக்கு ரோஷம். பாயின்ட் அவ பேர்ல சேந்துச்சுன்னா, இது அப்பன் கொடுத்ததில்ல, பேங்க் கொடுத்ததுன்னு நெனச்சு கொஞ்சம் அரிசி, எண்ணெய் வாங்குவா இல்ல?

— நீங்களே போன் பண்ணிக் கேக்கலாமே சார்.

— எங்கம்மா பண்றது. அவன்கூடப் போனா இந்த வீட்டுக்குப் போன்கூடப் பண்ணாதேன்னு கத்தினேன். பண்ணல. மூணு வருஷம் ஆச்சு. பிடிச்ச பிடியை விடாததுல அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கா. வாயை விட்டவன் நான். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கூப்பிடறது?

— பொண்ணோட அம்மா ஒண்ணும் சொல்லலையா?

— அவ இருந்திருந்தா என்னை அப்படிப் பேச விட்டிருப்பாளா? இப்ப வீட்ல நானும் ஃப்ரிட்ஜும்தான். அது ஓடினா சத்தம் கேக்கும். நின்னா அதுவும் இல்ல.

— சரி சார், ஃபார்மை ஆரம்பிப்போம். வேலை என்னன்னு போடட்டும்?

— லிஃப்ட் மெக்கானிக். போன மாசம்தான் ரிட்டயர் ஆனேன்.

— ஐயோ, எனக்கு லிஃப்ட்னாலே உதறும் சார். ஒரு தடவை உள்ள மாட்டிக்கிட்டேன்.

— மாட்டினா ஒண்ணும் ஆயிடாது. நாங்க வந்ததும் முதல்ல வெளிய இருந்து கதவைத் தட்டுவோம். உள்ள இருந்து ஒரு தட்டு திரும்பி வந்தா போதும், ஆள் நல்லா இருக்காங்கன்னு தெரிஞ்சுடும். அப்புறம் நிதானமா வேலை பாப்போம்.

— திரும்பி வரலன்னா?

— வர்ற வரைக்கும் தட்டிக்கிட்டே இருப்போம். வேற என்ன பண்றது? நீ எழுதும்மா.

— பழைய கார்டைக் கொடுங்க. அட, இதுவும் எங்க பேங்குதான், வேலை சுலபம். ஒரு நிமிஷம் சார்... ஸ்கிரீன்ல இந்தக் கார்டு மேல புகார் ஒண்ணு நிக்குதே?

— நான் கொடுத்ததுதான். முந்தாநாள் வியாழக்கிழமை ஒரே நாள்ல நாலு தடவை நாப்பத்திரெண்டு. வியாழன்ல அவ எதுவும் வாங்கவே மாட்டா. கடையில மெஷின் கோளாறு, வேற என்ன? நாப்பது வருஷம் மெஷினோட குடும்பம் நடத்தினவன்மா நான், எனக்குத் தெரியாதா? அந்த கஸ்டமர் கேர் பொண்ணுகிட்டகூடக் கொஞ்சம் எகிறிட்டேன், பாவம். இந்தக் கார்டே வேணாம், மாத்திடுவோம்னுதான் இன்னிக்கு உன்கிட்ட வந்தேன்.

— நல்லதாப் போச்சு. பச்சைக் கார்டுல உங்களுக்கு அலைச்சலே இல்ல சார். மாசத்துக்கு ஒரு தடவை பில் பணத்தை உங்க அக்கவுன்ட்ல இருந்து தானாவே எடுத்துக்கும். இதுல என்ன, வாராவாரம் போய்க் கட்டியிருக்கீங்க?

— கடன்னு ஒண்ணு ஒரு ராத்திரி என்கூடத் தங்கக் கூடாதும்மா. மெசேஜ் வந்ததும் சட்டையை மாட்டிக்கிட்டு, தெருமுனை பேங்க் மெஷின்ல பணத்தைப் போட்டுட்டு வந்துடுவேன். ஞாயித்துக்கிழமை எனக்கு அதை விட்டா வேற என்ன வேலை?

— அவங்க பத்து மணிக்கு வாங்கறாங்க. நீங்க பத்தரைக்குக் கட்டறீங்க. இங்க பாருங்களேன் சார், ஒரு வாரம் தப்பல. நீங்க கட்டினதும், பணம் வந்துச்சு, நன்றின்னு ஒரு மெசேஜ் வருமில்ல?

— வரும். அதை யாரு படிக்கறா?

— அது துணைக் கார்டு வெச்சிருக்கறவங்களுக்கும் போகும் சார்.

— போகட்டுமே. அதுக்கென்ன?

— மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு உங்க போன்ல அவங்க வர்றாங்க. பத்தரைக்கு அவங்க போன்ல நீங்க வர்றீங்க. சமையல்காரர் வீட்டுக்கு எதுக்கு சார் வாராவாரம் ஒரு கிலோ உப்பு? போன் பண்ணாதேன்னீங்க. அவங்க போன் பண்ணல, அவ்வளவுதான்.

— அந்த ஸ்கிரீனை இப்படித் திருப்பும்மா.

— சார், தண்ணி குடிக்கறீங்களா?

— வேணாம். பேசு.

— போன ஞாயித்துக்கிழமையும் வாங்கியிருக்காங்க. அதுக்கு மட்டும் நீங்க கட்டலையே?

— காய்ச்சல்மா. நாலு நாள் படுக்கையை விட்டு எந்திரிக்கல. செத்தியா பொழைச்சியான்னு கேக்க யாரு இருக்கா? வியாழக்கிழமைதான் எந்திரிச்சு உக்காந்தேன். கட்டலாம்னு பாத்தா இந்த நாலு வந்து நிக்குது. புகார் தீர்ற வரைக்கும் ஒரு காசு கட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன்.

— இன்னிக்கு சனிக்கிழமை சார். அப்போ ஆறு நாளா அவங்களுக்கு அந்த நன்றி மெசேஜ் போகல.

— நாலு தடவை... ஒரே நாள்ல வரிசையில நின்னு நின்னு நாலு தடவை வாங்கியிருக்கா. நான் மெஷின் கோளாறுன்னு எழுதிக் கொடுத்துட்டேன்.

— போனை எடுங்க சார். இப்பவே கூப்பிடுங்க.

— முதல்ல திரும்பித் தட்டணும்மா, கதவை அப்புறம் திறக்கலாம். பணம் கட்டற மெஷின் இங்க எந்தப் பக்கம்?