அரிசிப் பையில் இருந்த மண்

நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றியே கொல்லுகிறவர்களை நான் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நியூ லின்னில் ஒரு பெரிய கடையின் தோட்டப் பகுதியில் எனக்கு வேலை. சனிக்கிழமை வந்து ஆறு தக்காளிக் கன்று வாங்கிப் போவார்கள். அடுத்த சனிக்கிழமை வாடிய கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் நியாயம் கேட்பார்கள். சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தால் சேறு. கொஞ்சம்தான் ஊற்றினோம் என்பார்கள். எல்லாரும் கொஞ்சம்தான் ஊற்றுகிறார்கள்.

என் அத்தான் ஜெயரட்ணமும் அந்த ரகம்தான். அவர் இறந்து இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சமைக்க வேண்டியவள் நான், சாமான் வாங்கவே ஒரு கிழமை போய்விடும். அதனால் இதை இன்றைக்கே எழுதித் தந்துவிடுகிறேன். நீங்கள் மரண விசாரணைக்கு மூன்று தடவை வந்தீர்கள். மூன்று தடவையும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தமிழில் எழுதித் தாருங்கள், நாங்கள் மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். அப்படியே செய்கிறேன்.

அத்தான் என் அக்கா யோகராணியின் கணவர். பிளாட் புஷ்ஷில் அவர்களுடைய வீட்டில்தான் நானும் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் யாராவது கேட்டால் தன்னை விவசாயி என்றுதான் சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் அவருடைய தகப்பனுக்கு வெங்காயத் தோட்டம் இருந்தது உண்மை. அத்தான் பத்தொன்பது வயதில் பிளேன் ஏறியவர். அதற்குள் எத்தனை நாள் மண்வெட்டி பிடித்தார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கலியாண வீடு, கோயில், பிறந்தநாள் என்று எங்கே போனாலும் என்னைக் காட்டி ஒரு பகிடி விடுவார்.

"எங்கட கண்மணி கெட்டிக்காரி. மண்ணைப் பையில போட்டு வெள்ளைக்காரனுக்கே விக்கிறா."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பதினாறு வருடம் ஒரே பகிடிக்குச் சிரிப்பது லேசான வேலை இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு மூட்டுவாதம் வந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கிச் சோறு பிசையக்கூட முடியாமல் போனது. அதற்குக் கொடுத்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், காய்ச்சல் இருமல் என்றால் தாமதிக்காமல் வர வேண்டும் என்று டொக்டர் சொன்னார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னவளே நான். அக்காவுக்கு இங்கிலீஷ் பிடிபடாது. அத்தானுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், மற்றவர் சொல்வதைக் கேட்கும் பழக்கம்தான் இல்லை.

நோவுக்குக் கஞ்சா எண்ணெய் எழுதித் தரலாம் என்று அதே டொக்டர் ஒரு நாள் சொன்னார். சட்டப்படியான மருந்து, பார்மசியில் வாங்கலாம். அத்தானுக்கு ஆசைதான். ஆனால் எங்கள் பார்மசியில் நிற்பது பிரணவி, கோயில் செயலாளரின் மகள்.

"அவள் தேப்பனுக்குச் சொல்லுவாள். தேப்பன் பூசை முடிய மைக்கில சொல்லுவான்" என்றார்.

ஆகவே, சட்டப்படி வாங்கினால் மானம் போய்விடும் என்று பயந்து, சட்டத்துக்கு விரோதமாக வீட்டிலேயே வளர்ப்பதென்று முடிவெடுத்தார். எங்கள் ஆட்களுக்கு இது உடனே விளங்கும். அக்காவும் அது சரியென்றா. பொலிஸ் வந்தாலும் சமாளிக்கலாம், சனம் வாய்க்கு வந்தபடி கதைத்தால் என்ன செய்வது என்று கேட்டா.

கூட வேலை செய்த டிரைவர் ஒருவர் பத்து விதை கொடுத்தார். மேல்மாடியில் ஒரு காலி அறை இருக்கிறது. அந்த அறையின் அலுமாரிக்குள் ஒரு விளக்கு, ஒரு சின்ன மின்விசிறி, நாலு சட்டி. மணம் வெளியே வரும் என்று கதவைச் சாத்தி, அடியில் துவாயைச் சுருட்டி வைத்தார். முளைக்காத விதைக்கு ஏது மணம் என்று நான் கேட்கவில்லை. பின்வளவுக் களிமண்ணைக் கிண்டிக்கொண்டு வந்தார். சட்டிக்கு ஒன்றாக நாலு விதையை ஒரு விரல் ஆழத்துக்குக் குத்தினார். காலையும் மாலையும் தண்ணீர். முளைத்துவிட்டதா என்று ஒன்றுவிட்ட ஒரு நாள் தோண்டிப் பார்த்தார். அப்படியும் இரண்டு விதை முளைத்ததுதான் எனக்கு ஆச்சரியம். விளக்கு எட்டத்தில் இருந்ததால் அவை நூலாக நீண்டு, ஐந்தாம் நாள் தண்டு அழுகி விழுந்தன.

"இந்த நாட்டு மண்ணில உயிர் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

நாற்றுக்கென்றே லேசான கலவை மண் எங்கள் கடையில் இருக்கிறது, தண்ணீர் தேங்காது, ஒரு பை கொண்டு வரவா என்று கேட்டேன். நல்ல மனதோடுதான் கேட்டேன்.

"உங்கட பை மண்ணோ? அது மண்ணே? மரப்பட்டைக் குப்பை. நீர் விக்கிறீர், விளைஞ்சதைக் கண்டீரே?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட வந்த விருந்தாளிகள் நாலு பேர் மேசையில் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

அடுத்த கிழமை கடையில் ஓரம் கிழிந்த ஒரு பை மண் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து, கராஜில் வைத்து, பழைய அரிசிப் பை ஒன்றுக்குள் கொட்டினேன். நிறத்துக்காகப் பின்வளவு மண் இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலந்தேன். புக்ககோகேயில் வெங்காயம் போடுகிற தோட்டக்காரர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர், அவருடைய தோட்டத்தில் மக்கவைத்த மண் என்று சொல்லிக் கொடுத்தேன். அத்தான் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். மூக்கோடு சேர்த்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மணந்தார்.

"இது மண். பாத்தீரே, மணத்திலயே தெரியுது. வெங்காயம் விளைஞ்ச மண்."

நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றுதான். அடுத்து வரும் விருந்தில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்வதென்று நினைத்திருந்தேன். அவ்வளவுதான் என் திட்டம். அப்போது எனக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை.

காலியான கடைப் பையை மறுசுழற்சித் தொட்டிக்குள் போட்டேன். நீங்கள் அதைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். ஆம், அதில் எச்சரிக்கை அச்சடித்திருந்தது. இந்த நாட்டில் ஒவ்வொரு பையிலும் இருக்கிறது. மண்ணின் தூசியில் ஒரு கிருமி இருக்கலாம், அது நெஞ்சுக்குள் போனால் நிமோனியா வரும், வெளியில் வைத்துத் திறவுங்கள், முகமூடி போடுங்கள், வயதானவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கவனம் என்று. ஒவ்வொரு வசந்தத்திலும் மனேஜர் எங்களை நிற்கவைத்து அதை வாசித்துக் காட்டுவார். நான் ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்லுவேன். முகம் தெரியாத ஆட்களைக்கூடக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். அத்தானுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அது பை மண் என்று தெரிந்துபோகும்.

அவர் காலையில் எழுந்து சாமி கும்பிட்டதும் நேரே மேலே போவார். அலுமாரிக்குள் தலையை விட்டு, சட்டி சட்டியாக மண்ணைக் கிளறி மணந்து பார்ப்பார். ஈரம் மணத்தில் தெரியுமாம். மின்விசிறி அவருடைய முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருக்கும். நான் வேலைக்குப் போகும் வழியில் கதவடியில் நின்று பார்த்துவிட்டுப் போவேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். பதினான்கு வருடத்துக்கு முன் பாட்டனி டவுன்ஸில் இருந்து ஒருவர் என்னைப் பெண் கேட்டார். யசீகரன் என்று பெயர், மனைவியை இழந்தவர், மரக்கறிக் கடை வைத்திருந்தார். அத்தான் வாசலிலேயே நின்று, "அவவுக்கு உந்த யோசனை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவின் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டுமே. எனக்கு அது தெரிய மூன்று வருடம் ஆனது. அதற்குள் அவர் வேறு கலியாணம் செய்துகொண்டார். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் அதை மறந்து எவ்வளவோ காலமாகிறது.

இன்னும் இரண்டு சட்டி வாங்கி அவர் நட்ட மிச்ச ஆறு விதையும் முளைத்தன. பை மண்ணில் முளைக்காமல் என்ன செய்யும். ஆறாம் நாள் காலை அத்தான் மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"கண்மணி, ஒருக்கா வந்து பாரும்."

ஆறு சட்டியிலும் இரண்டு இரண்டு வட்ட இலை. அவர் குழந்தைப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றார். உம்மாலதான் இது, என்றார். அவர் எனக்கு நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான். மணக்காதேங்கோ அத்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் தொடர்ந்து, "உங்கட கடைக் குப்பையில இது வந்திருக்குமே?" என்றார். நான் வேலைக்குப் போய்விட்டேன்.

விதை நட்ட பத்தாம் நாள் காய்ச்சல். பதினோராம் நாள் பேச்சுத் தடுமாறியது, அம்புலன்ஸ் வந்தது. அக்கா அவரோடு ஏறிப் போனா. நான் பின்னால் காரில் வருவதாகச் சொன்னேன். முதலில் மேலே போய் நாற்றையும் மண்ணையும் பச்சைத் தொட்டிக்குள் கொட்டினேன், விளக்கைக் கழற்றினேன், அலுமாரியைத் துடைத்தேன். அரிசிப் பையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அத்தானுக்கு முகத்தில் ஒட்சிசன். கண் திறந்திருந்தாலும் நினைவு இல்லை. இளம் டொக்டர் ஒருத்தி, நல்ல பிள்ளை, ஒரு தாளை வைத்துக்கொண்டு அக்காவிடம் வரிசையாகக் கேள்வி கேட்டா. நான் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன மருந்து எடுக்கிறார், ஊருக்குப் போய் வந்தாரா, வீட்டில் வேறு யாருக்கும் இருமலா. எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். பிறகு, கடைசி இரண்டு கிழமையில் மண், உரம், பொட்டிங் மிக்ஸ் எதையாவது தொட்டாரா என்று கேட்டா.

"என்னவாம்?" என்றா அக்கா.

"விடிய ஏதும் சாப்பிட்டவரோ எண்டு கேக்கினம், அக்கா."

அக்கா அழுதுகொண்டே தலையை ஆட்டினா. "இல்லை. தேத்தண்ணிகூடக் குடிக்கேல்லை."

டொக்டர் அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் 'நோ' என்று மட்டும் சொன்னேன். அவ எழுதிக்கொண்டா.

உங்களிடம் முதல் நாள், பொலிஸுக்குப் பயந்து மறைத்தோம், கஞ்சா விஷயம் வெளியே வந்தால் குடும்பத்தின் பெயர் கெடும் என்று சொன்னேன். அது முழுவதும் பொய் இல்லை. ஆனால் பொலிஸ் வந்து பார்க்க வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை, அதை நானே சுத்தம் செய்துவிட்டுத்தான் போனேன். தக்காளி நட்டார் என்று சொல்லியிருந்தாலும் போதும். மண் என்ற ஒரு சொல்தான் டொக்டருக்குத் தேவைப்பட்டது. அதைச் சொல்லியிருந்தால் அத்தான் பிழைத்து, அந்தக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கண்மணியின் பை மண்தான் என்னைக் கொல்லப் பார்த்தது என்று இன்னும் பதினாறு வருடம் எல்லா மண்டபத்திலும் சொல்லிச் சிரித்திருப்பார். எனக்கு அந்தப் பகிடியை இன்னொரு தடவை கேட்க முடியாது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பெரிய டொக்டர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். அன்றைக்கு நான் அக்காவிடம் கேட்கக்கூட இல்லை. ஆறாம் நாள் ஒரு பரிசோதனையில் கிருமி பிடிபட்டது. மருந்தை மாற்றினார்கள். அதற்குள் நுரையீரல் போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் முடிந்தது.

பெரிய டொக்டர் எங்களை ஒரு சின்ன அறைக்குள் இருத்திச் சொன்னார். முதல் நாளே மண் என்று தெரிந்திருந்தால் இந்த மருந்தை அன்றைக்கே தொடங்கியிருப்போம், அநேகமாக வீட்டுக்குப் போயிருப்பார் என்று. அக்கா என்னைப் பார்த்தா.

"ஏலுமானதெல்லாம் செய்து பாத்தவையாம், அக்கா."

அக்கா எழுந்து டொக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. திரும்பி வரும்போது காரில் அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீ இல்லாட்டி எனக்கு ஆர் கதைச்சிருப்பினம்" என்றா.

ஆகவே ஆம். மண்ணை நான் கொடுத்தேன். ஆபத்து என்று தெரிந்து மணக்க விட்டேன். கேட்டபோது தெரிந்தே இரண்டு தடவை இல்லை என்றேன். இதற்குக் கீழே கையெழுத்து வைக்கிறேன்.

நாளைக்கு அக்காவிடம் வந்து விசாரணையில் தெரிந்ததையெல்லாம் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். அவவுக்கு இங்கிலீஷ் விளங்காது, புது ஆட்களைக் கண்டால் பயப்படுவா. வேறு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்து சிரமப்பட வேண்டாம். நான் பக்கத்தில் இருந்து அவவுக்கு எல்லாவற்றையும் விளங்கச் சொல்லுகிறேன்.