முள்ளம்பன்றிப் பிரிகேட்டின் கடைசி டாங்கி

உருளைக்கிழங்கு சலாட்டில் வினாகிரி கூடிவிட்டது என்பதுதான் அன்று காலை என் பெரிய கவலை. நகரபிதா வருகிற விழாவில் சலாட் புளித்தால் அவருடைய பேச்சும் புளித்துவிடும். கொமிசார் ஐயா, அன்று காலை என்ன மனநிலையில் இருந்தீர்கள் என்று நேற்றுப் பொலிஸ் நிலையத்தில் கேட்டீர்கள். நீங்கள் எதையோ பெரிதாக எதிர்பார்த்ததுபோல் இருந்தது. மன்னிக்கவும், வினாகிரிதான்.

தமிழில் எழுதித் தரலாம் என்றீர்கள். இதை மொழிபெயர்க்கப் போகும் தேனுஜா பிள்ளையிடம் ஒரு வேண்டுகோள். 'பிரிகேட்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுங்கோ. வெறும் 'படை' என்று சுருக்கினால் அந்தக் கம்பீரம் போய்விடும்.

என் பெயர் நித்தியானந்தன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவன். எங்கள் சிறுநகரம் ஜேர்மனியில், ஹம்பேர்க்குக்குத் தெற்கே, மணலும் புதரும் உள்ள வெளியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரித்தானியர்களின் கவசப் பிரிகேட் ஒன்று அங்கே வந்து இறங்கியது. தோள்பட்டையில் சிவப்பு முள்ளம்பன்றிச் சின்னம். ரஷ்யன் வருவான் என்று காத்திருந்தார்கள். தினமும் டாங்கிகளைக் கழுவினார்கள், எண்ணெய் பூசினார்கள், மணலைக் கிழித்து ஓட்டினார்கள். எழுபது வருடமாக ரஷ்யன் வரவில்லை. நாங்கள்தான் வந்தோம்.

ஒரு கவசப் பிரிகேட் எப்படி அமைந்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. நடுவில் தலைமையகம். அதற்குக் கீழே டாங்கி ரெஜிமென்ட்டுகள், கவச வண்டியில் போகும் காலாட்படை, பீரங்கி, பொறியியல், சமிக்ஞை, வழங்கல், மருத்துவம். எல்லாவற்றுக்கும் முன்னால் போவது உளவுப் பிரிவு. அதன் வேலை பார்ப்பது. பார்த்ததைத் தலைமையகத்துக்குச் சொல்வது. வேறு யாருக்கும் சொல்வதில்லை. இந்த ஒரு விதி விளங்கினால் அன்று நடந்த அத்தனையும் விளங்கிவிடும்.

அந்தப் பிரிகேட்டில் எனக்கு இருபத்தியொரு வருடச் சேவை. அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபத்தில், பாத்திரம் கழுவும் பகுதி. அமைப்பு வரைபடத்தில் அந்தப் பகுதி இல்லை. வரைந்தவருக்கு அப்போது பசித்திருக்காது.

அவர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போனபோது ஒரு டாங்கியை மட்டும் நகரத்துக்குப் பரிசாக விட்டுப்போனார்கள். எஞ்சினைக் கழற்றிவிட்டுத்தான். பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று நகரசபை ஒன்றைத் தவிர மற்ற மூடிகளையெல்லாம் உருக்கி ஒட்டி அடைத்துவிட்டது. மேலே ஒரே ஒரு மூடி, வெளியே பூட்டு. நான் வரலாற்றுச் சங்கம் தொடங்கி, அதையும் பிரிகேட்டாகவே அமைத்தேன். முழங்கால் வலியுள்ள இரண்டு ஜேர்மன் கிழவர்கள் காலாட்படை. என் மனைவி மங்கையற்கரசி வழங்கல் பிரிவு, அதாவது வடை. ஹம்பேர்க்கில் வரலாறு படித்த கஜரூபன் உளவுப் பிரிவு. என் சிநேகிதரின் மகன். தகப்பன் இப்போது உயிரோடு இல்லை. தாய் கலாதேவி மட்டும். பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். தலைமையகம் யார் என்று சொல்லத் தேவையில்லை.

டாங்கிக்குப் பக்கத்தில் நான் ஒரு பலகை வைத்தேன்: 'போரில் ரைன் நதியைக் கடந்த டாங்கி.' குடிவெறியில் இருந்த ஒரு சார்ஜன்ட் அது ரைனைக் கடந்தது என்று என்னிடம் சொல்லியிருந்தார். எப்போது, எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரலாறு கெட்டுப்போயிருக்கும். வருடம் தவறாமல் ஆயுத பூசைக்கு அதன் குழலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சங்கிலிப் பட்டைக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பேன். பாடசாலைப் பிள்ளைகள் வந்து நின்று நான் சொல்வதைக் கேட்பார்கள். என்னை மரியாதையாக 'ஹெர் நித்தி' என்பார்கள். இருபத்தியொரு வருடத்தில் அந்தச் சாப்பாட்டு மண்டபத்தில் ஒருவரும் என் பெயரைக் கேட்டதில்லை.

போன வருடம் டாங்கி நிற்கும் நிலத்தில் பல்பொருள் அங்காடி கட்டத் திட்டம் வந்தது. டாங்கி பழைய இரும்புக்குப் போகும். உண்மையான போர்ச் சின்னம் என்று ஒரு வரலாற்றாளர் உறுதிப்படுத்தினால் மட்டும் நிலமும் டாங்கியும் சங்கத்துக்கு. அந்த வரலாற்றாளராகக் கஜரூபனை நான்தான் முன்மொழிந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் என் வாழ்க்கையில் இல்லை. நம்முடைய பிள்ளை என்றால் நமக்காகத்தான் பேசும் என்று நம்புவது எங்கள் ஆட்களின் வியாதி.

விழா நாள். ஆடி மாதத்து வெயில். விருந்தினர் வருவதற்கு முன்பு கஜரூபன் டாங்கியின் மேல் ஏறி நின்றான்.

"மாமா, இது அறுபத்தியேழிலை செய்தது. உள்ளுக்கை தகட்டிலை அடிச்சிருக்கு."

"தகடு பிறகு மாத்தியிருப்பாங்கள்."

"போர் முடிஞ்சு இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு செய்த டாங்கி என்னெண்டு ரைனைக் கடந்தது? சரக்கு ரயிலிலை ஏத்திக் கடந்திருப்பாங்கள்." சொல்லிவிட்டுச் சிரித்தான். "உங்கட டாங்கி ஒரு இலையானைக்கூடக் கொல்லேல்லை மாமா."

"இண்டைக்கு மட்டும் பேசாமல் இரு ராசா. நகரபிதா கையெழுத்து வைச்சிட்டுப் போகட்டும்."

"ஏலாது மாமா. என்ரை பேரிலையெல்லோ உறுதி குடுக்க வேணும். நீங்களே சொல்லுங்கோ, நான் பக்கத்திலை நிக்கிறன். ஒருத்தரும் உங்களைத் தின்னமாட்டினம்."

நான் அவன் காலைப் பிடித்தேன், கொமிசார் ஐயா. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பத்தொன்பது வயதில், சுடுகிற இரும்பின் மேல் முழங்காலில் நின்று, நான் தூக்கி வளர்த்த பிள்ளையின் சப்பாத்தைப் பிடித்துக் கெஞ்சினேன். இது போனால் நான் திரும்பவும் பாத்திரம் கழுவியவன்தான் என்றேன். அவன் பதறிப்போய் என்னைத் தூக்கிவிட்டான். "ஐயோ மாமா, எழும்புங்கோ, ஆக்கள் பாக்கப் போயினம்" என்றான். கண் கலங்கியிருந்தது. "தகட்டை ஒரு படம் எடுத்திட்டு வாறன், இதைப் பிடியுங்கோ."

பூட்டை என் கையில் தந்தவன் அவன்தான். உள்ளே இறங்கினான்.

விழா நாட்களில் பொதுமக்கள் வருவதற்கு முன்பு மூடி பூட்டியிருக்க வேண்டும் என்பது சங்கத்தின் நிரந்தரக் கட்டளை. முதல் கார் வாசலில் திரும்புவதைக் கண்டேன். கட்டளையை நிறைவேற்றினேன். அந்தக் கட்டளையை எழுதியவன் நான் என்பது வேறு விடயம்.

நகரபிதாவின் பேச்சு முடியும் வரைக்கும் என்றுதான் நினைத்தேன். தடித்த இரும்புக்குள் கைபேசி வேலை செய்யாது. உள்ளே துடைக்கும்போது மங்கையற்கரசியின் அழைப்புகள் எனக்கு வருவதில்லை. அதனால் அது எனக்குத் தெரியும்.

பிரித்தானியர்கள் போனபிறகு பைப் வாத்தியம் வாசிக்க ஆளில்லை. ஆகவே அம்மன் கோயில் உள்ள ஹம் நகரத்திலிருந்து நாதஸ்வரமும் தவிலும் அழைத்திருந்தேன். தவில், தியாகராசா அண்ணை. கொடி ஏறும்போதுதான் உள்ளிருந்து தட்டல் வந்தது. கும்மென்று, தூரத்தில் யாரோ மாவு இடிப்பதுபோல. அண்ணை காதைச் சாய்த்தார்.

"தம்பி, உள்ளுக்கை ஆரோ தாளம் போடினம்."

"இரும்பு அண்ணை. வெயிலுக்கு விரியுது."

"நல்ல லயம் தெரிஞ்ச இரும்பு" என்று சிரித்துவிட்டு, அந்தத் தட்டலுக்குத் தவிலில் பதில் சொன்னார். தட்டல் வேகமானது. யாரோ கேட்டுவிட்டார்கள் என்று நினைத்திருப்பான். அவரும் வேகத்தைக் கூட்டினார். இது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று ஜேர்மன்காரர்கள் கைதட்டினார்கள். கலாதேவி வெயில் தாங்காமல் டாங்கியின் நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மகனுடைய தாளத்தைத் தன் முழங்காலில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, என்ரை பெடியன் எங்கை?" என்று பிறகு என்னிடம் கேட்டாள்.

"ஹம்பேர்க்கிலை ஆரையோ சந்திக்க ரெர்மீன் இருக்காம். உறுதிக் கடிதம் பிறகு அனுப்புவானாம். வடை எடு பிள்ளை."

நகரபிதா உணர்ச்சிவசப்பட்டு டாங்கியில் கையை வைத்தார். சுட்டுவிட்டது. கையை உதறிக்கொண்டு, இந்தப் போர்வீரனுக்கு இன்னும் கோபம் தணியவில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உறுதிக் கடிதத்துக்குக் காத்திருக்காமல், நிலத்தைச் சங்கத்துக்குக் கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்தும் வைத்தார். அப்போது திறந்திருக்கலாம் என்கிறீர்கள். அத்தனை பேருக்கு நடுவே ஒரு மனிதன் வேர்வையில் தோய்ந்து டாங்கிக்குள்ளிருந்து எழும்பினால் சங்கத்தின் மரியாதை என்னாவது? காரணம் கேட்பார்கள். ஆட்கள் போகட்டும் என்று இருந்தேன். தேநீர் நீண்டது. படம் எடுத்தார்கள். நான் கதிரைகளை அடுக்கினேன். சலாட்டில் பாதி மிஞ்சியிருந்தது.

எல்லோரும் போன பிறகு இரும்பில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. அவன் ஆறிவிட்டான், நான் சொன்னதை ஏற்றுக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டேன். சமாதானமாகி இருப்பவனை எழுப்பி மறுபடி வாக்குவாதத்தைத் தொடங்குவானேன்? வீட்டுக்குப் போனேன்.

டாங்கியின் சாவி எப்போதும் சாமிப் படத்தட்டில், முருகனுக்குக் கீழே இருக்கும். மறுநாள் காலை விளக்கேற்றப் போன மங்கையற்கரசி அதைக் காணவில்லை. மகன் இரவு வீட்டுக்கு வரவில்லை என்று கலாதேவி அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தது அதற்குச் சற்று முன்னால்தான்.

"சாவியை எங்கை வைச்சனியள்?" என்றாள் மங்கையற்கரசி.

நான் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். அவள் என் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் போனாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னைக் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அது. இரண்டாவது, உங்களைக் கூப்பிட்டது.

ஆகவே சொல்கிறேன். பூட்டியவன் நான். அவன் உயிரோடு தட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தட்டல் நின்ற நேரமும் தெரியும். சாவி முழு நேரமும் என் பையில்தான் இருந்தது. இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஒரேயொரு திருத்தம் மட்டும். தேனுஜா வாசித்துக் காட்டிய உங்கள் அறிக்கையில், எந்தப் போரிலும் ஈடுபடாத, ஒரு உயிரையும் எடுத்திராத காட்சிப் பொருள் என்று டாங்கியைக் குறித்திருக்கிறீர்கள். கஜரூபனும் அதைத்தான் சொன்னான். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். இனி அது உண்மையில்லை.