குதிரையைக் கொடுத்தவள்

லிந்துலையில் பஸ் ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில், காலில் கட்டுப் போட்டிருந்தவள் சொன்னாள்: “அக்கா, குதிரைய வெட்டக் குடுத்துட்டேன்.”

அவள் மடியில், பேப்பரிலிருந்து வெட்டியெடுத்த செஸ் புதிர்.

“ஐயோ, குதிரையவா?”

“ஆமாக்கா. இவ்வளவு நாளும் அதக் காப்பாத்தத்தான் பாத்தேன். குடுத்தா, எதிரியோட கோட்டை வந்து வெட்டுது. ராஜா ஓடுறதுக்கு இருந்த ஒரே கட்டமும் அடைஞ்சுபோகுது. சுத்தி நிக்கிறது அவரு ஆளுங்கதான். என்னோட மத்தக் குதிரை வந்து செக்மேட்!”

“கெட்டிக்காரிடி.”

“கால் ஒடிஞ்சு லயத்து வீட்டுல கெடந்தப்ப, வாரம் தவறாம தேயிலைக் கொழுந்துக் கூடையில புதிர வச்சுக் கொண்டாந்து குடுத்தீங்களே. விடைய மட்டும் சொல்லவேயில்ல. சொல்லியிருந்தா, விடிஞ்சதும் யோசிக்க எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காதுக்கா.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள்.

“எனக்குத் தெரிஞ்சாத்தானேடி சொல்றதுக்கு!”