ஒரு பள்ளத்தாக்கை விடுவித்த விதம்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் மாட்டியிருக்கும் ஹெல்மெட் ஃப்ளெக்ஸில் எழுத்துகள் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, மேடம். ஒரு மயிரிழை இடம் விட்டிருந்தால் பைக்கில் போகிறவர்களுக்குப் படிக்க வசதியாக இருக்கும். குறையாகச் சொல்லவில்லை. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவன் நான். ஃப்ளெக்ஸைப் பார்த்தால் கண் முதலில் எழுத்துக்குத்தான் போகிறது.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானேதான் சின்னமனூரில் பஸ் ஏறி வந்தேன். போன சித்திரையில், வீரபாண்டித் திருவிழாவுக்கு முந்திய வாரம், தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் ஃப்ளெக்ஸ் கடைகளில் எல்லாம் ஒரே காலையில் வேலை நின்றுபோனது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன். அப்படி ஒரு புகாரே வரவில்லை என்கிறீர்கள். வராது. பேனர் வடிவமைக்கும் மென்பொருளைக் காசு கொடுக்காமல் திருட்டுப் பிரதியாக வைத்திருப்பவர்கள் போலீஸிடம் வரமாட்டார்கள். அதையும் யோசித்துவிட்டுத்தான் செய்தேன்.

முதலில் கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். யாருடைய அனுமதியும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். படம் வரையவும் பேனர் வடிவமைக்கவும் இங்க்ஸ்கேப் என்று ஒன்று இருக்கிறது. நல்ல மென்பொருள். அதைப் பரப்புவதுதான் என் வேலை. சம்பளம் கிடையாது, மனத்திருப்திதான். எங்கள் ஊர்ப் பங்குச் சாமியாரிடம் கேட்டுக் கோயில் ஹாலை வாங்கி, மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் கூட்டம் நடத்துவேன். ப்ரொஜெக்டர் என்னுடையது. தேநீரும் நான்தான்.

ஆட்கள் வரமாட்டார்கள். வந்தவர்களும் முதல் பத்து நிமிடத்தில் மின்விசிறி இருக்கும் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு போனைப் பார்ப்பார்கள். கம்பத்தில் ஒரு கடைக்காரர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “அம்மன் சேலைச் செவப்பு பிரிண்டுல செங்கல் கலராப் போயிருது சார். ஓசிக்குக் குடுத்தா அம்புட்டுத்தான் வரும்.” என் மனைவி எஸ்தரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள். “ஊருக்கெல்லாம் சும்மா குடுக்குறீக. ஒருத்தராவது வாங்குறாகளா? கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏன் அசிங்கப்படுறீக?”

நான் அசிங்கப்படவில்லை. மக்களுக்கு விடுதலை வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாதபோது, தெரிந்தவர் பொறுமையாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

கோயம்புத்தூரில் ஆண்டுதோறும் டிசம்பரில் கட்டற்ற வரைகலை மாநாடு ஒன்று நடக்கும். வெளிமாநிலங்களிலிருந்தெல்லாம் வருவார்கள். அதில் பேச நான் விண்ணப்பித்தேன். ‘கம்பம் பள்ளத்தாக்கு கட்டற்ற மென்பொருளுக்கு மாறிய கதை’ என்று தலைப்புக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். மாறிய என்று இறந்தகாலத்தில் எழுதியிருந்தேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை, அவ்வளவுதான். மாநாட்டுக்குள் பள்ளத்தாக்கை மாற்றிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

என் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கார்த்திக்ராஜ். சின்னமனூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். இந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஃப்ளெக்ஸ் கடையில் மிஷின் படுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திருட்டு மென்பொருளைக் கடை கடையாக ஏற்றிக்கொடுத்தவரும் அவர்தான். இன்னொருத்தி ஓவியா. சின்னமனூரில் ஃப்ளெக்ஸ் கடை நடத்தும் ஒச்சாண்டியின் மகள். அவர்கள் இருவருக்கும் வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அவர்கள் வந்தது ஒருவரையொருவர் பார்க்கத்தான் என்று எஸ்தர் சொல்வாள். அது அவளுடைய கருத்து.

ஓவியா தமிழ் எழுத்து வரைவாள், மேடம். ஒவ்வோர் எழுத்தாக, தன் கையால். காதுகுத்து பேனருக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் இடையில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வரைந்து சேர்த்தது. ‘ழ’வின் வாலை அவள் இழுத்திருந்த அழகை எந்தக் கம்பெனி எழுத்திலும் நான் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறு அந்த எழுத்துகளைப் பென்டிரைவில் கொண்டுவந்து, “இது உங்க சாஃப்ட்வேர்ல தொறக்குமா சார்?” என்று கேட்டாள். என் லேப்டாப்பில் ஏற்றித் திறந்து காட்டினேன். திறந்தது. “நல்லாத்தான் இருக்கு. ஆனா கை பழகுனத விட முடியலையே சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பழக்கத்தைத்தான் உடைக்க வேண்டியிருந்தது.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் எதற்கும் மயங்கமாட்டார்கள், புதுத் தமிழ் எழுத்துருவுக்கு மட்டும் மயங்குவார்கள். நான் ஓர் இலவச எழுத்துருத் தொகுப்பு தயாரித்தேன். எல்லாம் நேர்மையான, கட்டற்ற எழுத்துருக்கள். அவற்றோடு ஒரு சின்ன நிரலையும் வைத்தேன். குறித்த நாள் வரைக்கும் அது தூங்கும். அந்த நாள் காலையில் திருட்டு மென்பொருளைத் திறக்கவிடாமல் செய்து, திரை முழுக்க ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பைக் காட்டும்: சட்டவிரோதப் பிரதி கண்டுபிடிக்கப்பட்டது, விவரம் அனுப்பப்பட்டுவிட்டது, ஆய்வுக் குழு வந்துகொண்டிருக்கிறது. ஒரு கோப்பையும் அது அழிக்காது. அதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். அடுத்தவர் உழைப்பை அழிப்பது என் கொள்கைக்கு விரோதம்.

நான் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். அதனால் கார்த்திக்ராஜிடம் கொடுத்தேன். “தம்பி, சர்வீசுக்குப் போற எடத்துலயெல்லாம் இத ஏத்தி விட்டுருங்க. உங்க பேரும் வெளங்கும்” என்றேன். சந்தோஷமாக ஏற்றினார். கூடலூரில் ஒரு கடையில் அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்களாம்.

அந்தக் காலை நான் விடுப்புப் போட்டிருந்தேன். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டு நின்றேன். திருவிழா நேரம், ஒவ்வொரு கடையிலும் தீச்சட்டி எடுப்பவர்கள் பேனருக்கும் வரவேற்பு பேனருக்கும் ஆர்டர் குவிந்து கிடந்தது. ஒரு கடையில் ஷட்டர் இறங்கியது. அடுத்த கடையிலும் இறங்கியது. தேவாரம் ஊரில் ஒருவர் கம்ப்யூட்டரை வைக்கோல் படப்புக்குள் ஒளித்துவைத்தார் என்று கேள்விப்பட்டேன். பண்ணைப்புரத்தில் ஒருவர் கடைப் பலகையைக் கழற்றிவிட்டு வாசலில் வாழைத்தார் தொங்கவிட்டார். இதையெல்லாம் பார்த்தும் கேட்டும் நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வாக்குமூலத்தில் பொய் கூடாது.

ஒச்சாண்டி அண்ணன்தான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டார். கம்ப்யூட்டரைச் சாக்கில் கட்டி, டி.வி.எஸ். ஃபிப்டியில் வைத்துக்கொண்டுபோய், முல்லைப் பெரியாற்றில் போட்டுவிட்டார்.

அன்று மத்தியானமே கடைக்காரர்கள் திரண்டு கார்த்திக்ராஜ் கடைக்குப் போனார்கள். நானும் போனேன், நடப்பதை அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா. ஒச்சாண்டி அவர் சட்டையைப் பிடித்திருந்தார்.

“ஏலே, எல்லா மிஷின்லயும் அத ஏத்துனது நீ. பூராத்தையும் காட்டிக் குடுத்ததும் நீ. எம்புட்டுடா வாங்குன கம்பெனிக்காரன்கிட்ட?”

“சத்தியமா நான் இல்ல மாமா.”

“மாமான்னு கூப்புட்ட, நாக்க அறுத்துருவேன். கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்ல. போடா.”

கார்த்திக்ராஜ் என்னைப் பார்த்தார். “சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார். நான் எதுக்கு சார் காட்டிக் குடுக்கப் போறேன்?”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் படித்தவன், வாத்தியார், என் சொல்லுக்கு மதிப்பு உண்டு. “அடிக்காதீக. எதுவா இருந்தாலும் சட்டப்படி பாத்துக்கலாம்” என்றேன். நியாயமான வார்த்தைதான். அதற்குப் பிறகு அவரை அடித்தது என் பொறுப்பு ஆகாது.

அவர் கடையை மூடிவிட்டுக் குமுளிக்குப் போய் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஓவியா அடுத்த ஞாயிறு கோயில் ஹாலுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. “அய்யா ஆத்துல போட்டுட்டாக சார். என் எழுத்தெல்லாம் அதுலதான் இருந்துச்சு.”

“வேற எங்கயும் காப்பி இல்லையாம்மா?”

“பென்டிரைவ்ல இருந்துச்சு. அதையும் அடுப்புல போட்டுட்டாக.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து, “சார், அன்னைக்கு உங்க லேப்டாப்புல ஏத்துனீகளே, அது இருக்கா?” என்றாள்.

“அன்னைக்கே அழிச்சிட்டேம்மா. அடுத்தவுக படைப்ப அனுமதியில்லாம வச்சுக்கிறது தப்பு” என்றேன்.

தலையை ஆட்டினாள். தண்ணீர் கொடுத்தேன். “மொதல்லருந்து வரை. ஆனா இங்க்ஸ்கேப்புல வரை. இத ஒருத்தரும் வந்து பூட்ட முடியாது” என்றேன். ஹாலில் அன்று நாற்காலி போதவில்லை, மேடம். தேனி, போடி, உத்தமபாளையம் என்று எல்லாப் பக்கத்துக் கடைக்காரர்களும் வந்திருந்தார்கள். பயந்த மனிதர்களைப் போல நல்ல மாணவர்கள் கிடையாது. ஒச்சாண்டி அண்ணனே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்: “வாத்தியாரே, இத வச்சிருந்தா ஒருத்தரும் வந்து புடிக்க மாட்டாகல்ல?”

“மாட்டாக” என்றேன். முழு உண்மை.

பாடம் எடுக்க ஆள் போதவில்லை. குமுளிக்குப் போய்க் கார்த்திக்ராஜைப் பார்த்தேன். போக்கிடம் இல்லாதவர்கள்தான் சிறந்த தன்னார்வலர்கள். “எங்கூட வாங்க தம்பி. நான் இருக்கேன்ல” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் காட்சியில் எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஒருவரைத் தூக்கிவிடுவதில் உள்ள சுகமே தனி.

ஓவியா எழுத்துகளைத் திரும்ப வரைந்தாள். மணிக்கட்டு வலிக்குத் துணிப் பட்டி கட்டிக்கொண்டு வரைந்தாள். சில எழுத்துகள் பழையபடி வரவில்லை என்று ஹாலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். கார்த்திக்ராஜ் பக்கத்தில் இருந்து அவற்றைத் தட்டச்சு செய்யக்கூடிய எழுத்துருவாக மாற்றிக் கொடுத்தார். ‘சுருளி’ என்று பெயர் வைத்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் விட்டார்கள். கார்த்திக்ராஜின் உழைப்பைப் பார்த்து ஒச்சாண்டியும் மனம் மாறிவிட்டார். தை பிறந்ததும் கல்யாணம்.

பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆமாம், மேடம், நான் அழிக்கவில்லை. இதோ இந்தப் பையில் இருக்கும் லேப்டாப்பில்தான் இருக்கிறது. அவள் கேட்ட அன்றும் இருந்தது. கொடுத்திருந்தால் பழைய மென்பொருளுக்கே திரும்பியிருப்பாள். பழைய ‘ழ’ கொஞ்சம் மேல்தான். மற்ற எழுத்துகளில் புதியது நன்றாக இருக்கிறது. மொத்தத்தில் லாபம்.

இப்போது எதற்கு வந்தீர்கள் என்று இரண்டாவது முறையாகக் கேட்கிறீர்கள். மனசாட்சிதான். தூக்கம் வரவில்லை. மாநாட்டுக்குப் பிறகுதான் இப்படி.

நவம்பரில் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. ‘சுருளி’யைப் பார்த்திருக்கிறார்கள். “சார், இந்தக் கதைய அந்தப் பொண்ணும் கார்த்திக்ராஜும் சொன்னாத்தான் நல்லா இருக்கும். நீங்க பெருந்தன்மையா விட்டுக்கொடுத்தா...” என்று ரீட்டா என்ற ஒருங்கிணைப்பாளர் கேட்டார். விட்டுக்கொடுத்தேன். அரங்கம் நிறைந்திருந்தது. ஓவியா பேசினாள்: “யாரோ ஒருத்தர் எங்க பள்ளத்தாக்கையே ஒரு நாள் காலையில அழ வச்சாக. அவுக யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா அவுக இல்லேன்னா நாங்க இங்க இல்ல.” எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்து தட்டினேன். பிறகு திரையில் நன்றி சொன்னார்கள். ஒச்சாண்டி, பங்குச் சாமியார், ஹாலைப் பெருக்கும் சந்தனம்மாள். எல்லாருக்கும் கீழே, கடைசியாக என் பெயர்: ‘தேநீர் ஏற்பாடு – ஞானதுரை சார்.’

பெயருக்காக நான் எதையும் செய்ததில்லை, மேடம். அது என்னைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் உலகத்தில் ஓர் ஒழுக்கம் உண்டு. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பரப்பலாம். முதலில் செய்தவர் யார் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். இதில் முதலில் செய்தவன் நான். நிரல் நான் எழுதியது. நாளைக் குறித்தது நான். கார்த்திக்ராஜ் அடிபட்டதும் ஓவியா திரும்ப வரைந்ததும் அந்தக் கைதட்டலும் அதிலிருந்து வந்தவை.

எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் செய்தது நான்தான், வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் அழுத்தமாகவே எழுதுங்கள். பெயரை இனிஷியலோடு போடுங்கள். முடித்ததும் முத்திரை வைத்து எனக்கு ஒரு பிரதி வேண்டும். அடுத்த மாநாட்டுக்குப் பேச்சாளர் பெயர் கேட்டு ரீட்டா மேடம் நேற்றுதான் அறிவிப்புப் போட்டிருக்கிறார்.