பத்மாசினிக்குத் தனி ஃபில்டர்

காலிங் பெல் விடாமல் மூன்று முறை அடித்தபோது டிகாக்ஷன் பாதிதான் இறங்கியிருந்தது. பாதி இறங்கிய டிகாக்ஷனைத் தொடக்கூடாது மேடம். அவசரப்பட்டு ஃபில்டரைத் தட்டினால் பொடி கலங்கிவிடும். அன்றைய காபி போச்சு. அதனால் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத்தான் போய்க் கதவைத் திறந்தேன்.

மணி ஆறு. வாசலில் என் மகள் இந்துப்ரியா நின்றாள். ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். இடுப்பில் குழந்தை இல்லை. கையில் பை இல்லை.

"என்னம்மா, சொல்லாமக் கொள்ளாம?" என்றேன்.

"அம்மா காபி குடிச்சுட்டாங்களா?"

ஊரிலிருந்து வருகிற மகள் முதலில் கேட்கிற கேள்வி இல்லை அது. "இன்னும் இல்ல" என்றேன். அவள் என்னைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் போனாள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். நீங்கள் எழுதிக்கொள்வதற்காக எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்கிறேன்.

கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். வில்லாபுரத்தில் சொந்த வீடு. கல்யாணமான மறு வாரத்திலிருந்து வீட்டில் காபி போடுவது நான்தான். பத்மாசினி சமைப்பாள், காபி மட்டும் என் கை. பொடியை மேல் தட்டில் போட்டு, அழுத்தியும் அழுத்தாமலும், கம்பு வைத்த குடைத்தட்டால் ஒரு அமுக்கு. கொதித்து அடங்கிய தண்ணீரைச் சுற்றி ஊற்றவேண்டும். அப்புறம் இருபது நிமிஷம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கக்கூடாது. பாலை ஒரே கொதியில் இறக்கவேண்டும். பத்மாசினி ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். நான் காபி ஆற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தெருவில் பெண்கள் அவளைக் கிண்டல் செய்வார்கள். "பத்மாக்கா, ஒங்க வீட்டுக்காரரை ஒரு வாரத்துக்குக் கடனாக் குடுங்க. எங்க வீட்டு ஆளுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது." அவள் சிரிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு இந்துப்ரியா உண்டானாள். முதல் பிரசவம். அம்மா வந்து கூட இருக்கவேண்டும் என்றாள். ஒரு மாதம் என்றால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். பத்மாசினி பெட்டியில் மழைக்காலத்துப் போர்வையைக்கூட எடுத்து வைத்தாள்.

"போர்வை எதுக்கு?" என்றேன்.

"நாப்பது வருஷம் ஒங்ககூட இருந்துட்டேன். இனிமே கொஞ்ச காலம் எனக்காக இருந்துக்கிறேனே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள். "நீங்களும் வாங்க, வேணாம்னா சொல்றேன்?"

மாப்பிள்ளை வீட்டில் போய் நான் எப்படி இருப்பது? அதோடு அந்தப் பேச்சு அவளுடைய பேச்சே இல்லை. களைப்பில் பேசுகிறாள் என்று புரிந்தது. களைத்த மனுஷிக்கு வேண்டியது ஓய்வு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பஸ். ரிட்டையரான பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வராததால் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அன்று காலை அதில் ஒன்று அவள் காபியில் சேர்ந்தது. பிற்பகல் இரண்டு மணி வரை தூங்கினாள். நான் மகளுக்குப் போன் செய்து, அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றேன். எழுந்ததும் பத்மாசினி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். "பஸ்ஸை விட்டுட்டேனே, என்ன பொம்பளை நான்" என்றாள். ரசம் சாதம் பிசைந்து கொடுத்தேன். சாயங்காலம் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்த்தாள். அப்படி அவள் சாய்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

ஒரு நாளோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அடுத்த வாரத்துக்கு மறுபடி டிக்கெட் எடுத்தாள்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பதால் டம்ளரில் எதையும் போட முடியாது. அதனால் பொடியிலேயே கலந்து வைத்தேன். அதற்காக அவளுக்கென்று ஒரு ஃபில்டரை ஒதுக்கினேன். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த பித்தளை ஃபில்டர் பரணில் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்து எடுத்தேன். எனக்கு எவர்சில்வர், அவளுக்குப் பித்தளை. அதைப் பார்த்து அவள் கண் கலங்கிவிட்டாள். எங்க அம்மா வீட்டுச் சாமானை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறீர்களே என்றாள்.

ருசிதான் பிரச்சினை. அவள் நாக்கு லேசான நாக்கு இல்லை. அதனால் மாத்திரைக் கசப்பை மறைக்க அவளுடைய பொடிக்கு மட்டும் சிக்கரியைக் கூட்டினேன். முப்பது வருடமாகத் தெற்கு மாசி வீதிப் பக்கம் பீமாராவ் கடையில்தான் பொடி. எண்பதுக்கு இருபது. கண்ணெதிரே அரைத்துக் கொடுப்பார். இப்போது இரண்டு பொட்டலமாகக் கேட்டேன். ஒன்று எண்பதுக்கு இருபது, இன்னொன்று அறுபதுக்கு நாற்பது.

"என்ன ஜனகராஜ், ஒரே வீட்டுல ரெண்டு கட்சியா?" என்று பீமாராவ் சிரித்தார். "அறுபது நாப்பதெல்லாம் கல்யாண மண்டபத்துக்காரன் வாங்குறது. யாருக்கு நாக்கு செத்துப்போச்சு, ஒனக்கா, ஒம் பொண்டாட்டிக்கா?"

"அவளுக்குக் கசப்பா இருந்தாத்தான் பிடிக்குது" என்றேன்.

அதன் பிறகு வீடு அமைதியாக இருந்தது. பத்மாசினி டிக்கெட் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள். சில நாள் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்துபோவாள். பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டு வழி கேட்டுத் திரும்பி வருவாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் இது மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்றார். போனில் இந்துப்ரியா அழுதாள். நான்தான் அவளைத் தேற்றினேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பிரசவத்தைப் பார் என்றேன். பார்த்துக்கொண்டேன். குளிக்கத் தண்ணீர் விளாவி வைத்தேன். தலை வாரிவிட்டேன். கூட்டமான இடத்துக்குப் போனால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் அவள்மேல் கை ஓங்கியதில்லை. கதவைப் பூட்டியதில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை.

குழந்தை பிறந்தது. பவதாரிணி என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாம் மாதம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பத்மாசினி குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மடியில் மட்டும் வாங்கவில்லை. "கை நழுவிரும், வேணாம்" என்றாள். அவள் சொன்னது சரிதான். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

இனி அன்னக்கொடி. வீட்டுவேலைக்கு வருகிறவள். உசிலம்பட்டிப் பக்கம். வாய் ஓயாது. நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். முதல் டிகாக்ஷன் வீட்டு ஆட்களுக்கு. அதே பொடியில் இன்னொரு தரம் தண்ணீர் ஊற்றி இறக்குகிற இரண்டாம் டிகாக்ஷன் வேலைக்கு வருகிறவர்களுக்கு. என் எவர்சில்வர் ஃபில்டரில் இரண்டாம் தரத்தையும் நானே பத்து மணிக்குக் குடித்துவிடுவேன். அதனால் பத்மாசினி தன்னுடைய பித்தளை ஃபில்டரில் இரண்டாம் தரம் இறக்கி அன்னக்கொடிக்குக் கொடுத்து வந்திருக்கிறாள். எத்தனை நாளாகக் கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அன்னக்கொடி பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னபோதுதான் தெரிந்தது.

"ஊரு ஒலகம் ஒறக்கம் தெளியக் காப்பி குடிக்கும். ஒங்க வீட்டுக் காப்பிய குடிச்சா எனக்கு ஒறக்கம் சொக்குதுண்ணே. நேத்து டீச்சரம்மா வீட்டுல தொடப்பத்தைப் பிடிச்சுக்கிட்டே ஒறங்கிட்டேன். நாளையிலருந்து வராதேன்னுட்டாக."

"ரத்தம் கொறைவா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடு" என்றேன்.

அவளுக்கு அந்தக் காபியைக் கொடுக்காதே என்று பத்மாசினியிடம் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அதனால் சொல்லவில்லை. அன்னக்கொடி வேலை பார்த்த இரண்டாவது வீடும் அவளுக்குப் போயிற்று. தீபாவளிக்கு நல்ல புடவையாக எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு பத்மாசினி பின்பக்கம் துவைக்கிற கல்லில் விழுந்தாள். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அங்கே காபி கிடையாது, பாலும் கஞ்சியும்தான். ஆறாம் நாள் அவளே சீப்பைக் கேட்டு வாங்கித் தலை வாரிக்கொண்டாள். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டாள். இந்துப்ரியா எனக்குக் கைகூப்பி நன்றி சொன்னாள். "நீங்க கும்பிட்ட சாமிதான் காப்பாத்துச்சுப்பா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று பத்மாசினி என்னிடம், "உடம்பு கொஞ்சம் தேறட்டும். இந்து வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள்.

மறுநாள் காலை காபி போட்டேன். முன்னைவிடக் கூட்டித்தான் போட்டேன். எவ்வளவு என்று அளக்கவில்லை. கம்பெனியில் ஒரு வாஷர் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவன் நான். இதில் மட்டும் அளவு பார்க்கத் தோன்றவில்லை.

பத்து நாளில் அவள் பழைய மறதிக்கே திரும்பினாள். இந்துப்ரியா யோசித்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தெளிந்த அம்மா வீட்டில் ஏன் கலங்கினாள் என்று அன்னக்கொடிக்குப் போன் போட்டிருக்கிறாள். அவள் வழக்கம்போலத் தன் தூக்கக் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஓசூருக்குப் பொடி அனுப்பச் சொல்ல பீமாராவுக்குப் பேசியபோது, அவராகவே கேட்டிருக்கிறார், "ஒங்க அம்மாவுக்கு எப்பம்மா அறுபது நாப்பது பிடிக்க ஆரம்பிச்சுது?" எண்பதுக்கு இருபது அல்லாத காபி தன் அம்மாவுக்குப் பிடிக்காது என்று மகளுக்குத் தெரியும். பீமாராவிடம் தனிப் பொட்டலம் கேட்டது ஒன்றுதான் நான் செய்த தவறு என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெல் அடித்த அன்று காலை அடுப்படியில் இந்துப்ரியா இரண்டு ஃபில்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்னக்கொடி அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"இதுல எது அம்மாவோடது?" என்றாள் மகள்.

"பித்தளை" என்றேன்.

இறங்கியது போதும் என்று அவளே ஃபில்டரைப் பிரித்து, பாலை ஊற்றி, ஆற்றாமல் என்னிடம் நீட்டினாள். "குடிங்கப்பா."

"நான் என்னுதைக் குடிச்சுக்கிறேம்மா."

"இதைக் குடிங்க."

அன்னக்கொடி சிரித்தாள். "குடிங்கண்ணே. படுத்தா எந்திரிக்க மாட்டீக, அம்புட்டுச் சொகமா இருக்கும்." இந்துப்ரியாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

நான் குடித்தேன். குடித்துவிட்டால் மகளுக்குச் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். எனக்குப் பழகிய மாத்திரைதானே. சர்க்கரை கூடுதல், பொடி கலங்கியிருந்தது. கடைசி வாய் வரை குடித்து டம்ளரைக் கழுவி வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பேத்தியைப் பற்றிக் கேட்டேன். அவள் பதில் சொன்னாளா என்று தெரியாது. கண் விழித்தபோது மறுநாள் மத்தியானம். ஆஸ்பத்திரிக் கட்டில், பக்கத்தில் கான்ஸ்டபிள். பத்மாசினிக்குத் தினமும் எவ்வளவு கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அவளைவிட இருபது கிலோ கூடுதல்.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவி பத்மாசினியின் காபியில் ஏறக்குறைய இரண்டு வருடம் தூக்க மாத்திரை கலந்தது நான். அன்னக்கொடிக்கும் அது போகிறது என்று தெரிந்த பிறகும் நிறுத்தாதது நான். யாரும் தூண்டவில்லை. வக்கீல் வேண்டாம். அவளுக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும். அவள் என்னோடு இருந்தாள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பத்மாசினி ஆறு வாரமாக ஓசூரில் இருக்கிறாள். உடம்பில் மாத்திரை எல்லாம் இறங்கிவிட்டது, தலையில் பட்ட அடியில் போனது மட்டும் திரும்பாது என்று அங்கே டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். போனது எது என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று காலை தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட இந்துப்ரியா இந்த ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். உங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள், என்னைப் பார்க்கவில்லை. நாற்பத்தொரு வருடம் ஒன்றாக இருந்தவள் ஒரு வார்த்தையாவது என்னைப் பற்றிக் கேட்டிருப்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால், "அம்மா என்னைக் கேட்டாளாம்மா?" என்றேன்.

பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "ஒங்க போட்டோவைக் காட்டினேன்ப்பா. ரொம்ப நேரம் பாத்துட்டு, 'காபி போட வர்ற ஆளுதானே, நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லிரு'ன்னாங்க."